வாய் எட்டு, விரல் மூன்று

ஏணியம்மா என்றால்தான் அந்த அலுவலகத்தில் அவளைத் தெரியும். அவளுக்கென்று ஒரு சொந்தப் பெயர் இருந்தது. அது வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

பதினேழு வருடமாகக் கணக்கெடுப்பு வேலை. கையில் ஓர் அட்டை, அதில் ஓர் ஏணிப் படம். கீழ்ப்படியில் பூஜ்யம், மேல்படியில் பத்து. வீடு வீடாகப் போய் அதை நீட்டுவாள். "மேல்படின்னா இதவிட நல்ல வாழ்க்கையே கிடையாது. கீழ்ப்படின்னா இதவிட மோசம் கிடையாது. இன்னிக்கு நீங்க எந்தப் படியில நிக்கறீங்க?" அவ்வளவுதான் கேள்வி. ஒவ்வொரு நாட்டிலும் ஆயிரக்கணக்கானவர்கள் சொல்லும் எண்ணைக் கூட்டிச் சராசரி போட்டு, எந்த நாடு சந்தோஷத்தில் முன்னால், எந்த நாடு பின்னால் என்று வருடா வருடம் ஒரு பட்டியல் வெளியிடுவார்கள். அந்தப் பட்டியலில் இவள் நாட்டுக்கு முப்பத்து நான்காவது இடம்.

வேலையின் முதல் விதி, முகத்தில் எதுவும் தெரியக்கூடாது. ஒருவர் பத்து என்றாலும் சரி, பூஜ்யம் என்றாலும் சரி, "நன்றிங்க" என்று எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போக வேண்டும். இதில் அவளை மிஞ்ச ஆளில்லை. முகத்தை இஸ்திரி போட்டு மாட்டியது போல வைத்துக்கொள்வாள். ஒருமுறை ஒரு கிழவர் பூஜ்யம் என்று சொல்லிவிட்டு, "பூஜ்யத்துக்குக் கீழ இருக்கா?" என்று கேட்டார். "அட்டையில இல்லீங்க" என்றாள், அதே முகத்தோடு.

மழை விட்ட ஒரு காலைப்பொழுதில், நாலு மாடிக் கட்டடம் ஒன்றின் மூன்றாவது மாடிக்குப் போனாள். வீட்டில் பெரியவர்கள் ஐந்து பேர். அவர்களில் யாருக்குப் பிறந்தநாள் அடுத்து வருகிறதோ அவரிடம்தான் கேட்க வேண்டும் என்பது விதி. கணக்கு இளைய மருமகள் மேல் விழுந்தது.

"அவளுக்கு என்ன தெரியும்? என்கிட்ட கேளும்மா" என்றாள் மாமியார்.

"விதி அப்படிங்க. அவங்கதான் சொல்லணும். கொஞ்சம் தனியா உட்கார்ந்து..."

"எங்களுக்குத் தெரியாம அப்படி என்ன ரகசியம்? இங்கேயே கேளு."

மாமியார் நகரவில்லை. புருஷன் செய்தித்தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டான். மைத்துனன் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தான். மருமகள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து அட்டையை வாங்கினாள். அட்டையின் முதுகு வீட்டார் பக்கம், ஏணி இவர்கள் இருவர் பக்கம்.

"எட்டு" என்றாள்.

மாமியார் முகம் மலர்ந்தது. "பின்ன? இந்த வீட்டுல அவளுக்கு என்ன குறை?"

ஏணியம்மா எழுதக் குனிந்தாள். அப்போதுதான் பார்த்தாள். மருமகளின் ஆள்காட்டி விரல் எட்டில் இல்லை. மூன்றாவது படியில் இருந்தது. தவறி வைத்த விரல் போலத் தெரியவில்லை. நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்திக்கொண்டிருந்தது.

"எட்டுதானேங்க?"

"ஆமா, எட்டு." விரல் அசையவில்லை. கண் இவளையே பார்த்தது.

வாயால் சொன்ன எண்ணைத்தான் எழுத வேண்டும். எட்டு என்று எழுதினாள். மற்ற கேள்விகளையும் கேட்டு முடித்தாள். படிவத்தின் கடைசிப் பக்கத்தில், 'பதில் சொல்லும்போது வேறு யாராவது உடனிருந்தார்களா?' என்று ஒரு கட்டம் உண்டு. 'ஆம்' என்று குறியிட்டாள். பதினேழு வருடமாகக் குறியிட்டு வந்த கட்டம்தான். அதை யாராவது படிக்கிறார்களா என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக யோசித்தாள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போய்த் தன் புருஷனிடம் சொன்னாள். அவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர்.

"விதிப்படி எழுதிட்டல்ல? விடு" என்றார்.

"விதிப்படிதான் எழுதினேன். அதான் உறுத்துது."

அவர் கொஞ்சம் யோசித்தார். "லிஃப்டுல ஆறு பேர்னு போர்டு போட்டிருப்பான். உள்ள ஒம்பது பேர் நிப்பாங்க. கேட்டா ஆறு பேர்தாம்பாங்க. கயித்துக்குத் தெரியும் எத்தன பேர்னு."

அவளிடம் ஒரு பாக்கெட் நோட்டு உண்டு. மறுபரிசோதனைக்கு ஆள் வந்தால் பதில் சொல்வதற்காக, வீட்டு எண், ஆணா பெண்ணா, சொன்ன படி, கூட ஆள் இருந்தார்களா இல்லையா என்று சுருக்கமாகக் குறித்து வைப்பாள். வீட்டு எண் மட்டும்தான். பெயர் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை அதைப் பிரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அந்த வருடத்தில் மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு வீடுகள். தனியாகப் பதில் சொன்னவர்களின் சராசரி ஐந்து சொச்சம். வீட்டார் சூழ்ந்திருக்கச் சொன்னவர்களுக்கு ஆறரை. பெண்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் இடைவெளி இன்னும் அகலம். மூன்று தடவை கூட்டிப் பார்த்தாள். மூன்று தடவையும் அதேதான்.

மேற்பார்வையாளருக்குக் கண்ணாடி சார் என்று பெயர். மூக்கில் ஒன்று, நெற்றியில் ஒன்று என்று எப்போதும் இரண்டு கண்ணாடி. நோட்டைப் பார்த்ததும், "வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கறீங்களே ஏணியம்மா" என்றார். ஆனால் எண் என்றால் அவருக்குக் கை சும்மா இருக்காது. எல்லாக் கணக்கெடுப்பாளர்களின் படிவங்களிலிருந்தும் அந்தக் கட்டத்தை எடுத்து ஓட்டிப் பார்த்தார். பத்து நாள் கழித்துக் கூப்பிட்டு, "உங்க நோட்டு பொய் சொல்லல" என்று மட்டும் சொன்னார். அறிக்கை மேலே போனது.

அடுத்த வருடம் முறை மாறியது. பதில் சொல்பவர் சீட்டில் தானே குறியிட்டு, மடித்து, உறையில் போட்டு ஒட்டிக் கொடுக்க வேண்டும்.

நாடு முப்பத்து நான்கிலிருந்து ஐம்பத்து மூன்றுக்கு இறங்கியது.

'ஒரே வருடத்தில் தொலைந்த மகிழ்ச்சி' என்று செய்தித்தாள்கள் கொட்டை எழுத்தில் போட்டன. தொலைக்காட்சியில் ஒருவர் விலைவாசி என்றார், ஒருவர் கைபேசி என்றார், இன்னொருவர் மழை பொய்த்தது என்றார். அந்த வருடம் மழை நன்றாகவே பெய்திருந்தது. கேட்ட முறைதான் மாறியது என்று அலுவலகம் கொடுத்த விளக்கம் ஏழாம் பக்கத்தின் அடியில், ஒரு மெத்தை விளம்பரத்துக்குப் பக்கத்தில் வந்தது.

தலைமை அலுவலகத்தில் கூட்டம் போட்டார்கள். பெரிய அதிகாரி கோபப்படவில்லை. நிதானமாகத்தான் பேசினார். "மத்த நாட்டுல எல்லாம் வாயாலதான் கேக்கறாங்க. நாம மட்டும் உறையில வாங்கினா எப்படி ஒப்பிடறது? எல்லாருக்கும் ஒரே அளவுகோல் வேணும். அடுத்த வருஷம் பழையபடியே கேளுங்க."

கடைசி வரிசையில் ஏணியம்மா எழுந்தாள். அவளுக்கே அது ஆச்சரியம்.

"அளவுகோல் ஒண்ணா இருக்கணுங்கறது சரிங்க சார். ஒரு நாட்டுல ஆளுங்க தனித்தனியா குடியிருப்பாங்க. கேக்கும்போது பக்கத்துல யாரும் இருக்க மாட்டாங்க. நம்ம வீட்டுல அஞ்சு பேர் சுத்தி உட்கார்ந்திருக்காங்க. கேள்வி ஒண்ணுதான். ஆனா அளவுகோல் ஒண்ணுன்னு எப்படிச் சொல்றது?"

அதிகாரி பேனாவை மூடினார், திறந்தார். "கேள்வி நியாயம்தான்" என்றார். கடைசியில் பாதி வீடுகளில் வாய், பாதி வீடுகளில் உறை என்று முடிவானது. வாய்க் கணக்கு உலகப் பட்டியலுக்கு, உறைக் கணக்கு உள்ளூர்க் கோப்புக்கு.

அடுத்த பட்டியலில் நாடு முப்பத்தாறாவது இடத்துக்கு ஏறியது. ஓர் அமைச்சர் அது தங்கள் சாதனை என்றார். அந்த வருடமும் ஏணியம்மா முந்நூறு வீடு ஏறி இறங்கியிருந்தாள். ஜனங்கள் போன வருடத்தைவிடக் கூடுதலாகச் சிரித்ததாக அவளுக்குத் தோன்றவில்லை. குறைத்துச் சிரித்ததாகவும் தோன்றவில்லை.

அவளைப் பயிற்சி ஆசிரியையாக்கினார்கள். விசிறிக்கு அடியில் நின்று பேசும் வேலை. ஆறு மாதத்தில் சலித்துப்போய், மறுபடி தெருவுக்கே அனுப்பச் சொல்லி எழுதிக் கொடுத்தாள். "மேல ஏத்தி விட்டா கீழ குதிக்கிறியே" என்றார் புருஷன். "லிஃப்டுல ஏறினாலும் இறங்கித்தான ஆகணும்?" என்றாள்.

உறைக் கணக்கு இரண்டு வருடம் கோப்பிலேயே கிடந்தது. பிறகு சுகாதாரத் துறையிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்து அதைக் கேட்டு வாங்கிப் போனாள். வாய்க்கும் உறைக்கும் எங்கே இடைவெளி அதிகமோ அந்த மூன்று வட்டாரங்களில், மருத்துவமனைக்குள்ளேயே ஓர் அறை ஒதுக்கி, மனசு விட்டுப் பேசுவதற்கென்று ஆலோசகர் ஒருவரை உட்கார வைத்தார்கள். வாசலில் பலகை எதுவும் மாட்டவில்லை. காய்ச்சலுக்கு மருந்து வாங்க வந்ததாக வீட்டில் சொல்லிக்கொள்ளலாம்.

முதல் மாதம் நான்கு பேர் வந்தார்கள். ஏழாவது மாதம் இரண்டாவது ஆலோசகர் தேவைப்பட்டார். அந்தச் செய்தியை ஒரு திங்கட்கிழமை காலை கண்ணாடி சார்தான் சொன்னார்.

"வர்றவங்க தனியாத்தானே வர்றாங்க?" என்று கேட்டாள் ஏணியம்மா.

"தனியாத்தான்."

"சரிங்க" என்றாள். அன்றைக்கு அவளுக்குப் பதினோரு வீடு. முகவரிச் சீட்டை வாங்கிக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள்.