காக்கா குடித்திருக்கவில்லை

காக்கா என்று நான் கூப்பிடும் என் அண்ணன் வாழ்நாளில் மதுவைத் தொட்டவரில்லை. கல்முனையில் மீன்வலை விற்கும் கடை வைத்திருந்தார். சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இருந்தது. வலது காதில் அடிக்கடி சீழ் வடியும். அதை அவரும் நாங்களும் ஒரு நோயாக எண்ணியதில்லை.

அன்று விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டு வந்தவர், தலை வெடிக்கிறது என்று படுத்தார். உடம்பு கொதித்தது. யன்னலைத் திறந்தால் வெளிச்சம் தாங்காமல் முகத்தை மூடிக்கொண்டார். பகல் சாப்பாட்டு நேரத்துக்குள் தங்கச்சியான என்னை, தாய் என்று எண்ணி, "உம்மா" என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார். அவர் மனைவியான மதினியும் நானும் அவரை ஓட்டோவில் ஏற்றி, பக்கத்துத் தனியார் கிளினிக்குக்குக் கொண்டுபோனோம்.

அங்கே தள்ளாடினார். பிடிக்க வந்த ஆளைக் கெட்ட வார்த்தையால் ஏசினார். டொக்டர் கதிரையை விட்டு எழும்பவேயில்லை.

"குடிச்சிரிக்காரா?"

"இல்ல டொக்டர், காய்ச்சல். காலையில இருந்து ஆளே சரியில்ல" என்றேன்.

"எல்லாரும் இப்பிடித்தான் சொல்லுற. வெறி முறிஞ்சாப் பொறகு கூட்டி வாங்க."

காத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மதினி முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்தார். "வீட்ட போவம் புள்ள, மானம் போகுது."

நெற்றியில் ஒருதரம் கை வைத்துப் பார்க்க அந்த மனிதருக்கு எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்? ஓட்டோவை அரச ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னேன்.

அங்கே ஓர் இளம் பெண் டொக்டர் காக்காவின் தலையைத் தூக்கிப் பார்த்தார். கழுத்து விறைத்துக் கிடந்தது. காதையும் பார்த்துவிட்டு, "மூளையச் சுத்தி இரிக்கிற சவ்வுல கிருமி போயிரிக்கும் போல" என்றார். ஸ்கேன் சுணங்கும் என்றார்கள். அவர் அதற்குக் காத்திருக்கவில்லை. இரத்தம் எடுத்த கையோடு மருந்தை ஏற்றச் செய்தார்.

"பிழைப்பாரா டொக்டர்?"

"இப்ப சொல்லேலாது. சீனி இரிக்கி, வயசும் போயிட்டு. ஆனா கூப்பிட்டாக் கண்ணத் தொறக்கிறாரு. முழுசா நினைவு தப்ப முன்னம் மருந்து போறது நல்லம். ஏன் இவ்வளவு சுணங்கினீங்க?"

சுணங்கியது நாங்களா?

காக்கா பிழைத்தார். ஆனால் இரண்டு காதும் கேட்காமல் போனது. அவர் வீட்டுக்கு வந்த பிறகு நான் அந்தக் கிளினிக்குக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். டொக்டருக்கு எங்களை நினைவேயில்லை.

"உசிர் மிஞ்சினதுக்கு அல்லாஹ்வப் புகழுங்க தங்கச்சி" என்றார்.

"அவனப் புகழ்ந்திட்டுத்தான் வாறன். ஒங்களப் பத்திக் கதைக்கத்தான் வந்த."

அவர் மணியை அடித்து அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

காக்காவுக்கு அன்றைய நாள் நினைவில் இல்லை. கிளினிக்கில் நடந்ததை மதினிதான் எழுதிக் காட்டியிருக்கிறார். என்னைக் கண்டால் காக்கா, அன்று அந்தக் கிளினிக்கில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்கிறார். ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய், தான் குடித்திருக்கவில்லை என்று சொல்ல வேண்டுமாம்.