இரண்டாவது தூண்டில்

எங்கள் வீட்டில் மீன் என்று வாய்தவறிச் சொன்னால்கூட வாய் கொப்பளிக்கச் சொல்வார்கள். அப்பேர்ப்பட்ட சைவக் குடும்பத்துக்கு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்த மாமாவுக்குக் கடல் தூண்டில் பைத்தியம் பிடித்திருந்தது. பருத்தி வியாபாரமாக அடிக்கடி சங்கரன்கோவிலிலிருந்து தூத்துக்குடிக்குப் போவார். வேலை முடிந்ததும் கடற்கரையில் தூண்டில் வீசுவாராம். அகப்பட்டதைத் திரும்பக் கடலிலேயே விட்டுவிடுவாராம். மீன் பேச்சை எடுக்கவே கூசிய வீடு என்பதால், அதற்குமேல் ஒருவரும் கேட்டதில்லை.

மாமாவின் மனைவி, என் அப்பாவின் தங்கை. அத்தைக்குக் குழந்தை இல்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் கோமதியம்மனுக்கு மாவிளக்கு வைப்பாள். கோயில் புற்றுமண்ணை வயிற்றில் பூசிக்கொள்வாள். மாமாவின் தாயார் ஒருமுறை வந்து, மகனுக்கு இரண்டாம் தாரம் பார்க்கட்டுமா என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். "அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம்" என்று மாமா எழுந்து போய்விட்டார். அந்த ஒரு வார்த்தையை அத்தை பல வருஷம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தாள். பாவம், அவளுக்கு வேறு பிடிமானம் இல்லை.

எனக்கு எட்டு வயதில், பள்ளிக்கூட லீவில், "பிள்ளைக்குக் கடலைக் காட்டிக் கூட்டிட்டு வாங்க" என்று அத்தைதான் என்னை மாமாவோடு அனுப்பினாள். அவருக்கு அவ்வளவாக இஷ்டமில்லை.

வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போன சமயம் அது. அவர்கள் விட்டுப்போன தூண்டில்களையெல்லாம் தூத்துக்குடியில் ஒரு கடைக்காரர் சாத்தி வைத்திருந்தார். சீமைக் கம்பு ஒன்றை மாமா ஆசையாகத் தடவினார்.

"அது எதுக்கு அண்ணாச்சி? எப்பவாச்சும் வந்து வீசுததுக்கு மூங்கிலே போதும். நூல் சுத்துத ரீலு மட்டும் இரும்புல வாங்கிராதீக, உப்புத்தண்ணிக்குத் துருப்பிடிச்சிரும். பழசானாலும் பித்தளைய எடுங்க. வீசி முடிச்சதும் நல்ல தண்ணியில கழுவிரணும், அவ்வளவுதான்."

மாமா ஒரு மூங்கில் கம்பும் பழைய பித்தளை ரீலும் எடுத்துக்கொண்டார். பிறகு, "சின்னதா ஒண்ணு வேணும்" என்றார். எனக்குத்தான் என்று நினைத்து முகமெல்லாம் பல்லாக நின்றேன். அவர் என்னைக் கம்பின் பக்கத்தில் நிறுத்தி, என் தலைக்கு மேல் நாலு விரலை வைத்துக் காட்டினார்.

"இவளவிட இம்புட்டு உசரம் இருப்பான். அதுக்குத் தக்கன குடுங்க. ரீலு கைப்பிடிய மாத்தி மாட்டிருங்க, அவனுக்கும் இடது கைதான்."

மாமா சோற்றைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் இடது கையைத்தான் நீட்டுவார். இரண்டு தூண்டிலையும் கடையிலேயே வைத்துவிட்டு, ஆள் வந்து வாங்கிக்கொள்ளும் என்றார். எனக்குக் கடலைக் காட்டினார், மிட்டாய் வாங்கித் தந்தார். இரண்டும் எனக்கு ருசிக்கவில்லை. முகம் தெரியாத அந்தப் பையன் மேல் அப்படி ஒரு ஆத்திரம்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை ஆவலோடு, "கடல் எப்படிட்டி இருந்துச்சு?" என்று கேட்டாள். நான் அழுதுகொண்டே கோள் சொன்னேன்.

"மாமா எனக்குத் தூண்டில் வாங்கித் தரல அத்தை. என்னையவிட நாலு விரல் உசரமா ஒரு பையன் இருக்கானாம். அவனுக்கும் இடது கைதானாம். அவனுக்குத்தான் வாங்குனாக."

கிணற்றடியில் மாமா கால் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அத்தை என்னைக் கதவு நிலையோடு சேர்த்து நிறுத்தினாள். என் தலைக்கு மேல் தன் நாலு விரலை வைத்தாள். வைத்த கையை எடுக்காமல், அந்த உயரத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தீபாவளிக்கு எனக்குப் பாவாடை தைக்க அளவெடுக்கிறாள் என்று நினைத்து, நான் அழுகையை நிறுத்திவிட்டு விறைப்பாக நின்றேன். பச்சைக் கலரில் வேண்டும் என்றும் சொல்லி வைத்தேன்.