மாமியார் ஏறினால் கொதிக்கும் கார்

அந்த வாடகைக் கார் மாமியார் ஏறினால் மட்டும்தான் கொதிக்கிறது என்ற பேச்சு டீக்கடையில் பிறந்து, சலூனில் வளர்ந்து, மெக்கானிக் பட்டறைக்கு வந்து சேர்ந்தபோது அதற்கு மீசையே முளைத்திருந்தது.

பட்டறைக்காரரை எல்லோரும் 'நாடி' என்பார்கள். ஓடும் என்ஜின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். பேச்சில் அடிபட்ட கார் அவருடைய தங்கை கணவனுடையது. மாமியார், நாடியைப் பெற்ற தாய். ஒரே வதந்தியில் தொழில் மானமும் போச்சு, குடும்ப மானமும் போச்சு.

தங்கைக்கு இது நிறைமாதம். அம்மா போய்க் கூட இருந்தாக வேண்டும். அம்மாவோ, "நான் ஏறினா காரே கொதிக்குதாம், வீட்டுக்கு வந்தா என்னாகுமோ. தப்பா பேசிட்டேன்னு மாப்பிள்ளை வாயால சொல்லட்டும், வர்றேன்" என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள்.

நாடிக்கு இருப்புக் கொள்ளவில்லை. சோற்றில் கை வைத்தால் ரேடியேட்டர் நினைப்பு. ரேடியேட்டரில் கை வைத்தால் தங்கை நினைப்பு. தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், மூடி எல்லாம் மாற்றியாகிவிட்டது. சோதனை என்றால் என்ஜினைக் கசக்கிப் பிழிய வேண்டும் என்பது அவர் கொள்கை. ஏசியை முழுசாக வைத்து, மார்க்கெட் நெரிசலில் ஊர்ந்து வருவார். சூடு காட்டும் முள் பாதியைத் தாண்டாது. "தேறிடுச்சு" என்று சாவியைக் கொடுப்பார். அடுத்த தடவை அம்மா ஏறுவாள், ஆவி கிளம்பும்.

"சவாரிக்காரங்க ஏறினா பச்சைப்பிள்ளை மாதிரி போகுது மச்சான். அத்தை ஏறினா பொங்குது. நான் என்ன செய்ய?" என்றான் தங்கை கணவன்.

"மாமியாரைப் பார்த்துச் சூடாகுற மாதிரி கார்ல எந்த பார்ட் இருக்கு மாப்ளே?"

"அதை நீங்கதான் கண்டுபிடிக்கணும். நாடின்னு பேர் வாங்கினது நானா?"

பொய்யை உடைக்க ஒரே வழி, அம்மாவை ஏற்றிக் கொதிக்காமல் காட்டுவது.

"மார்க்கெட் வரைக்கும் வாம்மா. சும்மா காத்தாட."

"சோதனைக்கு ஆள் கிடைக்கலையாக்கும்" என்றபடி முன்சீட்டில் ஏறியவள், கதவைச் சாத்தியதும் சொன்னாள்: "இந்தக் குளிரை அணை. முட்டி பிடிச்சுக்கும்."

அணைத்தார். கண்ணாடியை இறக்கினார். நெரிசலில் வண்டி நிற்பதும் நகர்வதுமாக இருக்க, முள் பாதியைத் தாண்டியது. நாடி ஸ்டியரிங்கை விரல்களால் தட்டினார். முள் இன்னும் ஏறியது.

"நான் இறங்கிக்கட்டுமா?" என்றாள் அம்மா. குரலில் கோபமே இல்லை. அதுதான் அவரைச் சுட்டது.

ஓரங்கட்டி, என்ஜினை அணைக்காமலே பானெட்டைத் தூக்கினார். ஏதோ குறைந்தது. சத்தம். இந்தச் சூட்டுக்கு ரேடியேட்டர் விசிறி கத்திக்கொண்டிருக்க வேண்டும். அது சிவனே என்று நின்றது. ஓடிவந்து ஏசியைப் போட்டார். விசிறி சுற்றியது. அணைத்தார், நின்றது. போட்டார், சுற்றியது. பின்னால் ஹார்ன் அடித்தவர்கள் இவருக்குத்தான் ஏதோ கொதித்துவிட்டது என்று நினைத்திருக்கலாம்.

"சூடு ஏறினதும் விசிறியைப் போடுற சுவிட்ச் செத்துப்போச்சும்மா. ஏசி போட்டா விசிறி தானாவே ஓடிடும், யாருக்கும் தெரியாது. சவாரிக்காரங்க ஏசியை அணைக்கவே மாட்டாங்க. மாப்ளே தனியா ஏசி இல்லாம மெயின் ரோட்டுல வேகமா போனா எதிர்க்காத்தே போதும்."

தன் கடுமையான சோதனைதான் இத்தனை நாளும் நோயை மறைத்தது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

"அப்போ நான் ஏறினதாலதான் கொதிச்சுது."

"நீ ஏசியை அணைக்கச் சொன்னதாலம்மா."

"எப்படியும் என்னாலதானே. அதைத்தான் உன் மாப்பிள்ளையும் சொன்னான்."

வதந்தியைச் சரிபார்க்கப் போனவருக்கு அது உண்மையென்றே தெரியவந்தது. கட்டைவிரல் அளவு சுவிட்ச். மாற்றி, ஏசி இல்லாமல் அதே மார்க்கெட்டைச் சுற்றிவந்தார். முள் பாதியிலேயே நின்றது.

மறுநாள் காலையில் தங்கை கணவன் வந்தான். கேட்காமலே ஏசியை அணைத்து, கண்ணாடிகளை இறக்கி, கதவைத் திறந்து பிடித்தான். பையோடு படியிறங்கிய அம்மா ஏறாமல் நின்றாள்.

"சொல்ல வேண்டியது ஒண்ணு பாக்கி இருக்கு மாப்பிள்ளை."

"போற வழியில சொல்றேன் அத்தை. அவ வலி மாதிரி இருக்குன்னு சொன்னா."

அம்மா ஏறிவிட்டாள்.

நாடி பட்டறையில் நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் தங்கையே கூப்பிட்டாள்.

"வந்துட்டாங்கண்ணே. பொய் வலிதான். வண்டி கொதிக்கவே இல்லையாம்."

"மாப்ளே அம்மாகிட்ட அந்த வார்த்தையைச் சொன்னானா?"

"வழியெல்லாம் சுவிட்சைப் பத்தியே பேசிட்டு வந்தாராம். அம்மா இன்னும் பையைப் பிரிக்கல."