மீட்டர்காரர் உட்காராத நாற்காலி

ரயில் பாதை முடிகிற இடத்தில் இருந்தது அந்தக் குடியிருப்பு. இருநூற்றுப் பதினான்கு வீடுகள், எல்லாம் ஒரே அச்சு. நீல நிறக் கேட், ஒரு முன்னறை, ஒரு படுக்கையறை, பின்சுவரைப் பார்த்த ஜன்னலோடு ஓர் அடுப்படி. குடிவந்த புதிதில் ஆபீஸ் விட்டு வந்தவர்கள் அடுத்த வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றிவிட்டு, "காபி போடு" என்று யார் மனைவியிடமோ சொன்னதெல்லாம் நடந்திருக்கிறது. ஜன்னல் திரையின் நிறத்தை வைத்துத்தான் அவரவர் வீட்டை அடையாளம் கண்டுகொண்டார்கள்.

திரையைப் பார்க்காமலே எல்லா வீட்டையும் அறிந்தவர் ஒருவர் இருந்தார். குடிநீர் வாரியத்தில் தண்ணீர் மீட்டர் கணக்கெடுக்கும் வேலை அவருக்கு. மீட்டர்காரர் என்றே எல்லோரும் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு கேட்டுக்குப் பக்கத்திலும் ஒரு சின்னக் குழி. கொக்கியைப் போட்டு இரும்பு மூடியைத் தூக்க வேண்டும், உள்ளே இருக்கும் சிலந்தியிடம் அனுமதி வாங்க வேண்டும், கட்டை விரலால் கண்ணாடியைத் துடைத்து எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது வீடு. அவ்வளவுதான் வேலை. ஆனால் அவர் பேச்சைக் கேட்டால் ஊரையே அவர்தான் நாடி பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தோன்றும். எந்த வீட்டில் விருந்தாளி வந்து திரும்பிப் போக மனசில்லாமல் இருக்கிறார், எங்கே குழந்தை பிறந்திருக்கிறது, எந்தப் புருஷன் கோபித்துக்கொண்டு வெளியூர் போய்விட்டான், எல்லாவற்றையும் தண்ணீர் அளவை வைத்தே சொல்வார். பத்தில் ஆறு சரியாக இருக்கும். மீதி நாலை யாரும் ஞாபகப்படுத்தமாட்டார்கள்.

அவர் மனைவியை எல்லோரும் மீட்டர்காரர் வீட்டம்மா என்றார்கள். பேச்சு குறைவு. கணவர் வேலைக்குக் கிளம்பியதும், மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, பழைய கணக்குத் தாள்களின் பின்பக்கத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருப்பார். அக்காவுக்குக் கடிதம் எழுதுகிறாள் என்று மீட்டர்காரர் நினைத்துக்கொண்டிருந்தார். அக்காவிடமிருந்து ஏன் பதிலே வருவதில்லை என்று அவர் யோசித்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிதிருத்தும் கடையில் முகமெல்லாம் சோப்பு நுரையோடு அவர் உட்கார்ந்திருந்தபோதுதான் விஷயம் வெளிவந்தது. கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஒரு வாரப் பத்திரிகையை எடுத்துச் சத்தமாகப் படித்தார். "பதினேழாம் எண் வீடு" என்று ஒரு சிறுகதை. அதில் ஒரு மீட்டர்காரர் வருகிறார். வெளிநாடு போயிருக்கும் ஒரு குடும்பத்தின் பூட்டிய வீட்டுக்குள் மாதம் ஒருமுறை நுழைகிறார். எதையும் எடுப்பதில்லை. அடுப்படியில் ஒரு நாற்காலியில் அரை மணி நேரம் உட்காருகிறார், ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிறார், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போகிறார். கதை அவ்வளவுதான். கீழே வீட்டம்மாவின் பெயர், விலாசத்தோடு.

"இது நீங்கதானே?" என்று கேட்டார் கடைக்காரர்.

மீட்டர்காரர் காய்ந்த நுரையைத் துண்டால் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கேட்டதற்கு, "கதைதானே" என்ற ஒரே பதில் வந்தது. எட்டு நாள் அவர் மனைவியோடு பேசவில்லை. சாப்பாட்டில் உப்பு குறைந்தால் சுவரைப் பார்த்துச் சொன்னார். அதற்குள் பத்திரிகை வாரியத்து அலுவலகத்துக்கும் போய்விட்டது. உதவிப் பொறியாளர் கூப்பிட்டு, யார் வீட்டுக்குள்ளாவது போனதுண்டா என்று விசாரித்தார்.

"மீட்டர் கேட் பக்கத்துலயே இருக்கு சார். உள்ள போக எனக்கு என்ன வேலை?" என்றார் இவர்.

அதை எழுத்தில் கொடுக்கச் சொன்னார் அதிகாரி. மீட்டர்காரர் ராத்திரி முழுக்க யோசித்து, "கதையில் வருபவர் நானல்ல. பணிக்காலத்தில் நான் எவர் வீட்டு நாற்காலியிலும் உட்கார்ந்ததில்லை என உறுதி கூறுகிறேன்" என்று எழுதினார். அதிலிருந்த மூன்று எழுத்துப் பிழைகளைத் திருத்திக் கொடுத்தவர் வீட்டம்மா.

கோப்பில் போட்டு மூடிவிட்டார்கள். தெருவோ லேசில் விடவில்லை. அவர் கேட்டைத் திறந்தாலே, "வாங்க, உள்ள நாற்காலி போட்டு வச்சிருக்கோம்" என்றார்கள். ஒரு வீட்டில் நிஜமாகவே ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து குழிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அவர் முறைத்துக்கொண்டே குனிந்து எண்ணைக் குறித்துக்கொண்டு போனார்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு சினிமா இயக்குநர் வந்தார். ஒல்லியாக, தூக்கம் கெட்ட கண்களோடு இருந்தார். அந்தக் கதையைப் படமாக எடுக்கப்போவதாகச் சொன்னார். முடியாது என்று சொல்வதற்காகத்தான் மீட்டர்காரர் தொண்டையைச் செருமினார். அதற்குள் இயக்குநர், உங்கள் வேடத்தில் இன்னார் நடிக்கிறார் என்று ஒரு நடிகரின் பெயரைச் சொன்னார். அந்த நடிகரின் தாடை எப்பேர்ப்பட்டது என்று ஊருக்கே தெரியும். மீட்டர்காரர் செருமியது செருமியபடியே நிற்க, நாற்காலியை இழுத்துப் போட்டு இயக்குநரை உட்காரச் சொன்னார்.

இருபத்திரண்டு நாள் படப்பிடிப்பு. மூடியை எப்படித் தூக்குவது, கொக்கியை எந்தக் கையில் பிடிப்பது, நாய் வந்தால் எந்தப் பக்கம் திரும்புவது என்று நடிகருக்கு இவர்தான் பாடம் எடுத்தார். லீவு போட்டுவிட்டு எடுத்தார். கூடியிருந்தவர்கள் நடிகரைப் பார்த்தார்கள். இவர் தன்னையும் சேர்த்துப் பார்ப்பதாக எடுத்துக்கொண்டார்.

படம் ஒரு வாரம்கூட ஓடவில்லை. கதாநாயகன் அடுப்படியில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் காட்சி ஒன்பது நிமிஷம். மிஷின் நின்றுவிட்டது என்று நினைத்து ஜனங்கள் எழுந்து வெளியே போனார்கள். மீட்டர்காரர் எழுந்து போகவில்லை, அந்த இடம் வருவதற்குள் தூங்கிப்போயிருந்தார். விளக்குப் போட்டதும் விழித்து, மூடியைத் தவறாகத் தூக்கிவிட்டான் என்று மட்டும் குறை சொன்னார். வீடு திரும்பியதும் வீட்டம்மா அடுப்பைப் பார்க்கப் போனார்.

பிறகு படம் எங்கெங்கோ சுற்றியது. யாரோ ஒரு விமர்சகர் எழுதினார். ஏதோ ஒரு விழாவில் மறுபடி போட்டார்கள். தொலைக்காட்சியில் ஒரு மத்தியானம் வந்தது. பதினைந்து வருஷத்தில் அது காவியம் ஆகிவிட்டது. திரைப்படக் கல்லூரியில் பாடமாக வைத்தார்கள். அதே ஒன்பது நிமிஷத்தைப் பற்றி நூறு பக்கம் ஆராய்ச்சி எழுதினார்கள். மீட்டர்காரர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, என்ன செய்வதென்று தெரியாமல் சொந்த வீட்டு மீட்டரையே தினமும் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. மாணவர்கள் குடியிருப்பைத் தேடி வரத் தொடங்கினார்கள். அவருக்கு உயிர் வந்தது.

முதலில் அவர் உண்மையைத்தான் சொன்னார். நான் அப்படியெல்லாம் யார் வீட்டிலும் உட்காரவில்லை, அது கற்பனை என்றார். நோட்டும் பேனாவுமாக நின்ற ஒரு பெண்ணின் முகம் வாடிவிட்டது. இரண்டு ரயில் மாறி வந்திருந்தாளாம். பார்க்கப் பொறுக்காமல் இவர், "ஒரே ஒரு தடவை உட்கார்ந்தேன்னு வச்சுக்கோயேன்" என்றார். அந்தப் பெண் மளமளவென்று எழுதிக்கொண்டாள்.

அடுத்த கூட்டம் வந்தபோது ஒரு தடவை மூன்று தடவையானது. அதற்கடுத்து மாதாமாதம் ஆனது. டம்ளருக்குப் பச்சைப் பூ போட்ட ஓரம் வந்தது. ஜன்னல் வழியே வெயில் இறங்கி, சரியாக அவர் முழங்காலில் விழுந்தது. "அந்த அமைதி இருக்கே" என்று சொல்லி நிறுத்தி, தூரத்தில் பார்ப்பார். மாணவர்களும் அதே திசையில் பார்ப்பார்கள். அங்கே எதிர்வீட்டுத் துணிக்கொடி இருக்கும். வீட்டம்மா டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, சுவரோரம் நின்று முழுவதையும் கேட்பார். ஒரு வார்த்தை மறுத்ததில்லை. நாளாக ஆக மீட்டர்காரருக்கே எது நடந்தது, எது நடக்கவில்லை என்பது மறந்துபோயிற்று. நாற்காலியின் ஆட்டம்கூட இடுப்பில் ஞாபகம் இருந்தது.

படம் வந்து இருபத்தைந்து வருஷம் ஆனதற்குக் குடியிருப்பின் பொதுமண்டபத்தில் விழா வைத்தார்கள். காலை பத்து மணிக்குப் படம், அது முடிந்து பேச்சு. மீட்டர்காரர் புதுச் சட்டை தைத்துக்கொண்டார். முதல் வரிசையில் அவரையும் மனைவியையும் உட்காரவைத்து, பக்கவாட்டில் ஒரு கேமராவும் வைத்துவிட்டார்கள். தூங்க வழியில்லை. அன்றுதான் அவர் அந்த ஒன்பது நிமிஷத்தை முதல்முறையாகக் கண்ணைத் திறந்து பார்த்தார்.

நடிகர் அடுப்படியில் வந்து உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். டம்ளர் வைத்த இடத்தில் மேஜையில் ஈரவட்டம் ஒன்று இருந்தது. அதில் சுட்டுவிரலைத் தொட்டு, மேஜை மேல் மெதுவாக எழுத ஆரம்பித்தார். எழுதுவார், உள்ளங்கையால் அழிப்பார், மறுபடி எழுதுவார். கடைசியில் காலைச் சற்று மடக்கி, ஒரு பாதத்தின் மேல் இன்னொன்றை வைத்துக்கொண்டார்.

மீட்டர்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஈரத்தைத் தொட்டு மேஜையில் எழுதுவது அவர் வீட்டில் தினம் நடக்கிற சங்கதி. சாப்பிட்ட இடத்தைத் துடைக்க வரும் வீட்டம்மா அப்படியே உட்கார்ந்துவிடுவார், விரல் ஓடும், பாதத்தின் மேல் பாதம் ஏறும். எத்தனையோ தடவை, "என்ன கோலம் போடுற, துடைச்சுட்டுப் போ" என்று இவரே அதட்டியிருக்கிறார். இயக்குநர் கதையில் இருந்ததை அப்படியே எடுத்திருந்தார். கதையை இவர் காதால் கேட்டதோடு சரி. அதுவும் சோப்பு நுரைக்குள்ளிருந்து.

திரும்பி மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் பழைய போட்டோவைப் பார்ப்பவர் முகம் அப்படித்தான் இருக்கும்.

படம் முடிந்து மைக்கை இவரிடம் நீட்டினார்கள். பச்சைப் பூ டம்ளருக்காக மண்டபமே காத்திருந்தது. மீட்டர்காரர் எழுந்தார். "படத்தை நல்லா எடுத்திருக்காங்க" என்றார். உட்கார்ந்துவிட்டார். உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று எல்லோரும் கைதட்டினார்கள்.

வெயிலில் இருவரும் நடந்து திரும்பினார்கள். தண்ணீர்த் தொட்டியைத் தாண்டியதும் அவர் கேட்டார்.

"பதினேழாம் நம்பர் வீட்டுல உட்கார்ந்தது நீதானா?"

"ஆமா" என்றார் வீட்டம்மா. "அந்தப் பல் டாக்டர் குடும்பம் வெளிநாடு போனாங்களே, செடிக்குத் தண்ணி ஊத்தச் சொல்லி சாவியை எங்கிட்டதான் குடுத்தாங்க. ஒன்றரை வருஷம். ஊத்திட்டு அரை மணி நேரம் உட்காருவேன்."

"நம்ம வீட்டு அடுப்படியும் அதேதானே? அதே ஜன்னல்."

"அதேதான். ஆனா அங்க எனக்கு வேலை எதுவும் இல்ல."

 ஒன்றரை வருஷமும் பூட்டிய அந்த வீட்டில் மீட்டர் ஓடியதைப் பார்த்து, "தோட்டம்" என்று கணக்குத் தாளில் எண்ணுக்கு எதிரில் குறித்தது அவர் கைதான். ஊரின் நாடியையெல்லாம் பிடித்தவருக்கு அது ஞாபகம் வந்து உறுத்தியது.

"அப்ப என்னை எதுக்குக் கதையில போட்ட?"

"கல்யாணம் ஆன பொம்பளை தனியா போய் உட்கார்ந்தாள்னு எழுதினா, வீட்டுல என்ன சண்டைன்னு கேட்டிருப்பாங்க. ஆம்பளை உட்கார்ந்தா காவியம்னாங்க பாருங்க."

"நான் இத்தனை வருஷமா அந்தப் பசங்ககிட்ட புளுகிக்கிட்டு இருந்தேனே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"எதுக்கு? நல்லாத்தான் சொன்னீங்க. அந்தப் பச்சைப் பூ டம்ளர் எனக்குத் தோணவே இல்ல" என்றார் வீட்டம்மா. குரலில் கேலி இல்லை. அதுதான் அவரை மேலும் குன்றச் செய்தது.

அடுத்த சனிக்கிழமை ஆறு மாணவர்கள் வந்தார்கள். மீட்டர்காரர் வாசலுக்குப் போய் அவர்களை அழைத்துவந்து உட்காரவைத்தார். தூரத்துத் துணிக்கொடியைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். பிறகு, தான் சொல்லிக்கொண்டிருந்ததெல்லாம் பொய், அந்த நாற்காலியைத் தான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை, கேட்க வேண்டியதை அடுப்படியில் இருப்பவரிடம் கேளுங்கள் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். மருந்து குடித்தவர் மாதிரி முகம் சுளித்துக்கொண்டு, டீ போட எழுந்து போனார். சர்க்கரை எந்த டப்பாவில் இருக்கிறது என்று மூன்று தடவை கேட்டார்.

வீட்டம்மா அன்று இரண்டு மணி நேரம் பேசினார். கல்யாணமான நாளிலிருந்து மொத்தமாகப் பேசியதே அவ்வளவு இருக்காது என்று மீட்டர்காரருக்குத் தோன்றியது. டீ வடிகட்டியைக் கையில் பிடித்தபடி நிலைப்படியில் நின்று கேட்டார். இன்னும் பதினோரு கதைகள் பெட்டிக்குள் இருக்கின்றன என்பதும், அவற்றை ஒருவரும் படித்ததில்லை என்பதும் அவருக்கும் அன்றுதான் தெரிந்தது. மாணவர்களில் ஒருத்தியின் மாமா சின்னதாக ஒரு பதிப்பகம் நடத்திவந்தார். எழுதிய தாள்களைத் தட்டச்சுக்குக் கொண்டுபோவதும், அச்சான தாள்களை வாங்கி வருவதும் மீட்டர்காரர் வேலை ஆயிற்று. பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு, கைப்பை மாதிரி இறுக்கிப் பிடித்துக்கொள்வார். அப்படிப் போகும்போதுதான் ஒவ்வொன்றாகப் படித்தார். மெதுவாக, உதட்டை அசைத்து. ஒரு கதைக்காக இரண்டு நிறுத்தம் தள்ளிப்போய் இறங்கி நடந்து வந்தார்.

பதினோராவதைப் படித்து முடித்த அன்று மனைவியின் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"ஒண்ணுலகூட நான் இல்லையே."

"பன்னிரண்டாவது எழுதிக்கிட்டு இருக்கேன்" என்றார் வீட்டம்மா, தலை நிமிராமல்.

"அதுல யாரு?"

"ரிட்டயர் ஆன ஒருத்தர். வீட்டுக்கு வர்ற பசங்ககிட்ட வாய்க்கு வந்ததைச் சொல்றார்."

மீட்டர்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். விளக்கக் கடிதம் எழுதித் தருகிறேன் என்று சொல்லவில்லை, சுவரைப் பார்க்கவும் இல்லை.

"கொஞ்சம் உயரமா போட்டுடு" என்றார்.

மழைக்காலத்தில் புத்தகம் வந்தது. பன்னிரண்டாவது கதைதான் அதில் நீளமானது. அதில் வருகிற மனிதர் மீட்டர்காரர் உயரம்தான் இருக்கிறார்.