வெள்ளக்கடைக் களத்தில் மூச்சு விடாத குரல்

ஏற்காட்டில் இறந்த கணவரின் குரலைக் கேட்டு நான் மயங்கி விழுந்ததாக எங்கள் குடியிருப்பில் பேசிக்கொள்கிறார்கள். விழவில்லை. ஒரு சாக்குமூட்டையின் மேல் உட்கார்ந்தேன். ஏன் உட்கார்ந்தேன் என்பதை எழுதிவிடுகிறேன்; அந்தப் பக்கத்து எஸ்டேட்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கும் பயன்படும்.

வெள்ளக்கடைக்கு அப்பால் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் காப்பி எஸ்டேட்டில் என் கணவர் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தார். கணக்கெழுதும் ரைட்டராகச் சேர்ந்து, கொட்டை காயவைக்கும் களத்தின் பொறுப்பாளராக ஓய்வு பெற்றார். அந்த மாதம், அவருக்குத் தெரிந்ததையெல்லாம் பதிவு செய்ய ஐரோப்பாவிலிருந்து ஒரு பொறியாளர் வந்து ஆறு நாள் எங்கள் கூடத்தில் உட்கார்ந்தார். மொழிபெயர்த்தவள் நான். கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் படித்த ஆங்கிலம், பிழை இருக்காது. கணவர் காலமாகி நான்கு வருடமாகிறது. அந்தப் பதிவுகளைக் கொண்டு, கேட்டால் பதில் சொல்லும் பெட்டி ஒன்றைக் கம்பெனி களத்தில் வைத்திருப்பதாகத் தெரியவந்தது. சென்ற ஜனவரி இரண்டாம் வாரம் தனியாகப் புறப்பட்டேன்.

சேலத்தில் காலை 7.10 பஸ். இருபது கொண்டை ஊசி வளைவுகள்; தலைசுற்றல் உள்ளவர்கள் முன்னிருக்கையில் உட்காருங்கள். பன்னிரண்டாவது வளைவில் பனி மூடியது. அதன்பின் ஜன்னலில் என் முகம் மட்டும்தான் தெரிந்தது. 8.35க்கு ஏற்காட்டின் ஒண்டிக்கடை நிறுத்தம். எஸ்டேட்டுக்குப் போகவர, காத்திருக்க ஆட்டோக்காரர் 900 ரூபாய் கேட்டார்; 700க்கு ஒப்புக்கொண்டார்.

“ஏனுங்கம்மா, பேசற பொட்டியப் பாக்கப் போறீங்களா?” என்றார் ஓட்டுநர். நான் யாரென்று சொல்லவில்லை. “நொம்ப மரியாதையான கொரலுங்க. எதக் கேட்டாலும் செய்யலாங்கன்னு சொல்லுது. எங்க ஊட்டுல நான் அப்படி ஒருநாள் சொல்லியிருந்தா ராசாவாட்டம் சோறு கெடைச்சிருக்கும்.”

இருபத்தைந்து நிமிடத்தில் எஸ்டேட். முன்பே கடிதம் எழுதியிருந்ததால் ஆபீசில் தடையில்லை. களத்தில் பனி இடுப்பளவு நின்றது. கொட்டை கிளறும் பெண்கள் பத்துப் பேர். ஒரு பேச்சுச் சத்தம் இல்லை. கொட்டகைத் தூணில், டிபன் டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. அதன் அடியில் செருப்புகள் வரிசையாகக் கழற்றி விடப்பட்டிருந்தன.

அவர்களில் மூத்தவளான சின்னப்பொண்ணு அதன் முன் நின்று, பனி விழுதுங்களே, இன்னிக்கு மூட்டை கட்டலாமுங்களா என்று கேட்டாள். அவள் கேட்டு முடித்த அதே நொடியில் பதில் வந்தது. “சரிங்க, செய்யலாங்க. ஒன்பது நாள் காஞ்சாப் போதுமுங்க. மூட்டை கட்டிரலாங்க.”

அவர் குரல்தான். ஆனால் வாக்கியங்களுக்கு நடுவே மூச்சு இல்லை. அவருடைய இருமல் இல்லை. எங்கள் நாற்பத்தொரு வருட இல்வாழ்க்கையில் எந்தக் கேள்விக்கும் அவர் அவ்வளவு சீக்கிரம் பதில் சொன்னதில்லை.

சின்னப்பொண்ணு என்னை அடையாளம் கண்டுகொண்டாள். என் காதருகே வந்துதான் பேசினாள். “அய்யா ஒரு கொட்டையக் கடிச்சுப் பாத்துட்டுப் பேசாம நின்னாருன்னா, நாங்க சாக்கத் தொட மாட்டமுங்க. இது நிக்கவே மாட்டேங்குதுங்களே. இது சொல்லிக் கட்டுன எட்டு மூட்டையும் பூசணம் புடிச்சுப்போச்சு.”

மேனேஜரிடம் சொன்னாயா என்று கேட்டேன்.

“அய்யா பேச்சுக்கு மேல நாங்க பேசறதுங்களா? மேனேஜரும், பெரியவர் சொன்ன முறைதானேன்னு உட்டுட்டாருங்க.”

மேனேஜர் வெளிநாட்டுக்காரர், நல்லவர். யாரும் குறை சொல்லாததால் குறையில்லை என்று நினைத்திருக்கிறார். பதிவு நீளமாக இருந்ததால் பேச்சில்லாத இடங்களை வெட்டிவிட்டதாக அவரே விளக்கினார். கம்பெனியின் மற்ற நாட்டு எஸ்டேட்களில் உள்ள பெட்டிகளுக்கு என் ஆங்கில மொழிபெயர்ப்புதான் அவரவர் மொழியில் மாற்றப்பட்டுப் போகிறதாம்.

நானே ஒருமுறை கேட்டேன், மூட்டை கட்டலாமா என்று. அதே பதில். அதன் முடிவில், சரியாக வெட்டப்படாத ஒரு துண்டு. கிணற்றடியிலிருந்து வருவதுபோல ஒரு பெண் குரல்: “எஸ், இட் கேன் பி டன்.”

அது நான். அப்போதுதான் உட்கார்ந்தேன்.

அந்தப் பிற்பகல் நினைவுக்கு வந்தது. ஒன்பது நாள் போதுமா என்று பொறியாளர் கேட்டார். என் கணவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் ஜன்னலைப் பார்த்தார். மேலதிகாரியிடம் கூடாது என்று அவர் வாயால் சொன்னதே இல்லை. அந்த மௌனம்தான் சொல்லும். பிறகு, வந்த விருந்தாளி சங்கடப்படக் கூடாதென்று, சரிங்க, செய்யலாங்க என்றார். நான் சரியை மட்டும் மொழிபெயர்த்தேன். மௌனத்தில் சொல் எதுவும் இல்லாததால் விட்டுவிட்டேன். பொறியாளர் நன்றி சொல்லி எழுதிக்கொண்டார்.

போகிறவர்களுக்கு: ஸ்வெட்டர் அவசியம். நான்கு மணிக்குமுன் இறங்கிவிடுங்கள். அனுமதிக் கடிதம் இல்லாமல் போகாதீர்கள். களத்துப் பெண்களிடம் கேள்வி கேட்டால், பதில் வரும்வரை பொறுத்திருங்கள்.

கம்பெனியாருக்கு: வெட்டப்படாத மூலப்பதிவு உங்களிடம் இருக்கிறதா? இருந்தால் ஒரு நகல் வேண்டும். அவர் எங்கெங்கே பேசாமல் இருந்தார், அதற்கு என்ன பொருள் என்று நானே உட்கார்ந்து எழுதித் தருகிறேன். அதுவரை, மூட்டை கட்டலாம் என்று அவர் பெயரில் சொல்லும் பதிலை நிறுத்துங்கள். உங்கள் பதிலை எழுத்தில் அனுப்பவும்.