ஜூன் ஒன்பதுக்கு நேரே

விமானத்தை விட்டு இறங்கியதும் ஹார்லன் நோவோட்னி முதலில் நோட்டைத்தான் எடுப்பார். இருக்கைக்குப் பின்னால் பையில் கிடக்கும் பச்சை அட்டை நோட்டு, அதோடு நூலில் கட்டிய பென்சில். சன்னல் கொக்கி கிறீச்சிடுகிறது, இடது சக்கரத்தில் காற்று குறைவு, எலி நாற்றம் என்று எதையும் விடமாட்டார். பதினேழு வருஷமாக அந்தச் சின்ன ஓடுதளத்தில் இதுதான் கேலி.

"யோவ் ஹார்லன், கண்ணாடியில செத்த பூச்சியையும் எழுதிட்டியா?"

"ரெண்டு பூச்சி. ஒண்ணுக்கு ரெக்கை இல்ல. அதையும் எழுதியிருக்கேன்."

நெப்ராஸ்காவின் அந்த மூலையில் அவருடைய கவனத்தை மெச்சாதவர் இல்லை. அது எப்போது தொடங்கியது என்பது மகள் மார்லாவுக்கு மட்டும் தெரியும்.

ஹார்லனுக்குத் தானியக் கிடங்கில் எடை போடும் வேலை. தனியாக வாங்க வசதியில்லாமல், சிநேகிதர் டெல்பர்ட் க்ரூகரோடு சேர்ந்து நாலு இருக்கை பழைய விமானம் ஒன்றை வாங்கினார். இருவருக்கும் ஒரே ஒப்பந்தம்: கண்ணில் பட்ட கோளாறை நோட்டில் எழுத வேண்டும், எழுதினால், மெக்கானிக் பார்க்கும்வரை யாரும் பறக்கக்கூடாது.

அது தொடங்கிய வருஷம், ஜூன் ஒன்பதாம் தேதி, கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த மார்லா அப்பாவோடு பறந்தாள். எதிரே சிவப்பு விளக்கு ஒன்று மினுக்கியது.

"என்னப்பா அது?"

"ஆல்டர்னேட்டர் பேட்டரிக்கு சார்ஜ் குடுக்கலைன்னா எரியும்." விரல் முட்டியால் தட்டினார். அணைந்தது. "பாத்தியா? மூணு வாரமா சும்மா கண்ணடிக்குது."

"எழுதலையா?"

"எழுதினா சனிக்கிழமை இது ஷெட்டுக்குள்ளதான். அன்னிக்கு இங்க ஓடுதளத்துல பான்கேக் விருந்து, ஊரே வருது, பிள்ளைங்களை ஒரு சுத்து கூட்டிட்டுப் போறேன்னு வாக்கு குடுத்துட்டேன். அடுத்த வாரம் எழுதிக்கலாம்."

இறங்கியதும் தேதிக்கு நேரே 'எல்லாம் சரி' என்று எழுதினார். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி போனவள் பக்கத்தில் நின்று பார்த்தாள், வாயைத் திறக்கவில்லை.

வியாழக்கிழமை டெல்பர்ட்டுக்குப் போன் வந்தது. லிங்கன் நகரத்து ஆஸ்பத்திரியில் தம்பி வெர்னனுக்கு மோசம். டெல்பர்ட் நோட்டைப் படித்தார், விமானத்தில் கிளம்பினார். பாதி வழியில் சிவப்பு விளக்கு எரிந்தது. இந்தத் தடவை அணையவில்லை. அவர் பதறவில்லை. பேட்டரி செத்தாலும் இன்ஜின் தன்பாட்டுக்கு ஓடும். வேண்டாததையெல்லாம் அணைத்துவிட்டு, மிச்ச மின்சாரத்தை ரேடியோவுக்கு வைத்துக்கொண்டார். அதுவும் கரகரத்து ஓய்ந்தது. ரேடியோ பேச்சில்லாமல் லிங்கன் விமான நிலைய நெரிசலுக்குள் நுழைவது அடுத்தவர் உயிரோடு விளையாடுவது. சோளக்காட்டு நடுவே கட்டுப்பாட்டுக் கோபுரமில்லாத ஓடுதளம் ஒன்றைச் சுற்றி, வேறு விமானம் இல்லை என்று கண்ணால் பார்த்து உறுதிசெய்துகொண்டு இறங்கினார். வேகத்தைக் குறைக்கும் இறக்கைத் தட்டுகளுக்கும் மின்சாரமில்லை. ஓடுதளத்தின் கடைசிவரை ஓடித்தான் நின்றது. யாரோ தந்த பிக்கப் வண்டியில் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது, வெர்னன் இறந்து நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள் ஷெட்டில் மூவரும் காப்பி குடித்தார்கள்.

"தப்பு எம்மேலதான்," என்றார் டெல்பர்ட். "அவசரத்துல எதையோ பாக்காம ஏறிட்டேன். கடைசிவரைக்கும் அவன் கதவையே பாத்துட்டிருந்தானாம்டா."

மார்லா அப்பாவைப் பார்த்தாள். ஹார்லனின் உதடு பிரிந்தது. பிறகு பழம் வைத்துச் சுட்ட கொலாச்சி பன் தட்டை நகர்த்தி, "பிளம் வச்சது ஒண்ணு இருக்கு, எடுத்துக்கோ," என்றார்.

அதற்குப் பின்தான் பூச்சிகளையெல்லாம் எழுதத் தொடங்கினார்.

போன மார்ச்சில் மாரடைப்பு ஹார்லனைக் கொண்டுபோனது. அடக்கம் முடிந்து சர்ச் கூடத்தில் நடந்த சாப்பாட்டில் டெல்பர்ட் நோட்டுகளை ஒரு பெட்டியில் கொண்டுவந்து மார்லாவிடம் கொடுத்தார்.

"உங்கப்பன் எழுதினதை நம்பிக் கண்ணை மூடிட்டு ஏறலாம், பொண்ணே. அன்னிக்குக் கோட்டை விட்டது நான்தான்."

மார்லா அந்த வருஷத்து நோட்டைப் பிரித்தாள். ஜூன் ஒன்பதுக்கு நேரே 'எல்லாம் சரி' என்ற எழுத்து இல்லை. அழித்து அழித்து, மறுபக்கத்து எழுத்து தெரியுமளவுக்குத் தாள் நைந்திருந்தது. அந்த இடத்தில் வேறெதுவும் எழுதியிருக்கவில்லை.

"என்ன எழுதியிருக்கான்?" என்று எட்டிப் பார்த்தார் டெல்பர்ட்.

"ஒண்ணுமில்ல," என்றாள்.

அவர் தலையாட்டிவிட்டு, அவளுக்கும் ஒரு தட்டு எடுத்துவரப் போனார். அப்பா சொல்லாமல் வைத்துவிட்டுப் போனதை அவளும் பெட்டிக்குள் போட்டு மூடினாள்.