மூன்றாம் மாடியில் பெய்த பனி

மாமா வானிலை அறிக்கையை நம்பியதுபோல வேறு எவரையும் நம்பியதில்லை. அம்மாவின் தம்பியான அவர் அப்போது ஒஸ்லோவின் ரொம்சோஸ் பகுதியில் எங்களோடுதான் இருந்தார். மட்டக்களப்புக்குப் போய்க் கலியாணம் முடித்துவிட்டு வந்து, மாமிக்கு விசா கிடைக்கும்வரை ஒரு வருடம் காத்திருந்தவர். ஒக்டோபரில் விசா கிடைத்தது. வேறு ஆளென்றால் அடுத்த கிழமையே டிக்கெட் போட்டிருப்பார். மாமா கைபேசியில் மூன்று மாதத்துக்கான முன்னறிவிப்பைத் திறந்தார். வரைபடத்தில் ஒஸ்லோ நீலமாக இருந்தது. ஜனவரியில் பனி வழமையைவிட அதிகமாக இருக்கலாம் என்றுதான் போட்டிருந்தார்கள். மாமா அதை இருக்கும் என்றே எடுத்துக்கொண்டு, டிக்கெட்டை ஜனவரிக்குப் போட்டார். பனியையே கண்டிராத மாமி வந்து இறங்கும்போது ஊர் முழுக்க வெள்ளையாக இருக்கும் என்று தொலைபேசியில் வாக்கும் கொடுத்துவிட்டார்.

அப்பா சிரித்தார். "நாளைக்கு மழையோ வெயிலோ எண்டே இவங்களுக்குச் சரியாச் சொல்லத் தெரியேல்லை. நீர் தை மாதத்தைக் கேக்கிறீர்," என்றார்.

டிசம்பரில் வரைபடத்து நீலம் வெளிறியது. ஜனவரியில் மழை பிடித்துக்கொண்டது, புல்வெளியெல்லாம் சேறு. மாமா காலையில் பல் துலக்குமுன் கைபேசியைப் பார்த்து வானிலைக்காரரைத் திட்டுவார். எட்டு வயதான எனக்கே அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

மாமி வரும் நாள் காலை யோசனை சொன்னது நான்தான். என் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து ஐஸ் சறுக்கும் ஹாலின் பின்னால், ஐஸ் தளத்தைச் சுரண்டும் வண்டி தினமும் கொட்டிவிட்டுப் போகும் வெள்ளைக் குவியல் ஒன்று இருந்தது. மாமா மறுபேச்சில்லாமல் அதை அள்ளச் சவளையும் வாளிகளையும் எடுத்தார். காரில் மூன்று தடவை போய் வந்தோம். எந்த மழைக்கும் நனையாதென்று அம்மா உடுப்புக் காயப்போடும் எங்கள் பல்கனியில் அதைக் கொட்டினோம். அம்மா முணுமுணுத்தபடி உடுப்புகளை எடுத்து இடம்விட்டார். காலடி தெரியாமல் பரப்பிவிட்டது நான். அன்று எனக்கிருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

விமான நிலையத்திலிருந்து வழிநெடுக மழை. மாமி கார் ஜன்னலோடு ஒட்டியிருந்து கறுத்த வீதியைப் பார்த்துக்கொண்டே வந்தார். வீட்டுக்குள் வந்ததும் மாமா சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அவரைப் பல்கனிக்குக் கூட்டிப்போனார்.

"இரவு பெஞ்சது. மற்ற இடமெல்லாம் கரைஞ்சு போச்சு," என்றார். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் பல்கனிக் கம்பியைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

மாமி ஒருமுறை அண்ணாந்து மேலே பார்த்தார். பிறகு மாமாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து ஒரு பிடி அள்ளி, வெறுங்கை சிவக்கும்வரை வைத்திருந்தார்.

"நீங்க சொன்ன மாதிரியே பெஞ்சிருக்கு," என்றார்.

மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் வேலை பலித்துவிட்டதென்று நான் துள்ளிக் குதித்தேன். இன்னும் பனி விழுகிறதா என்று பார்க்கத்தான் மாமி அண்ணாந்தார் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். எங்கள் பல்கனியில் நின்று அண்ணாந்தால் வானம் தெரியாது. நான்காம் மாடிக்காரரின் பல்கனித் தளம்தான் தெரியும்.